அக்காவின் மூச்சுக்கு இரண்டு தாள்

அக்கா பலூன் ஊதிக்கொண்டிருந்தாள்.

காலை ஆறரை மணி. ராஜபாளையத்தில் அவள் வீட்டுச் சமையல்கட்டில், தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கிறிஸ்துமஸுக்குச் சபையில் கட்டியதுபோக மிஞ்சிய பலூன் பாக்கெட்டை மடியில் வைத்திருந்தாள். ஒன்றை எடுப்பாள், ஊதுவாள், முடிச்சுப் போடாமல் விட்டுவிடுவாள். அது புஸ்ஸென்று சீறி கேஸ் சிலிண்டரில் முட்டி விழும். அடுத்தது. இரண்டு பலூனுக்கு ஒருமுறை இருமல். இருமல் அடங்கும்வரை பலூனின் வாயை இரண்டு விரலால் நெரித்துப் பிடித்தபடி, உள்ளே போன காற்று வீணாகிவிடக் கூடாது என்பதுபோல் காத்திருந்தாள். வயது ஐம்பத்து மூன்று.

“என்னக்கா கூத்து இது?”

“ப்ராக்டிஸ் பண்ணுதேன். நாளைக்கு மூச்சு டெஸ்ட்டுல்லா? பாஸாவணும்.”

“நீ பாஸாகக் கூடாதுக்கா. பெயிலாகணும்.”

“வாயக் கழுவு. காலங்காத்தால வந்து நிக்கா பாரு.”

அக்கா இருபத்திரண்டு வருடமாக ஒரு நூற்பு மில்லில் கார்டிங்கில் நிற்பவள். பஞ்சைச் சீவிப் பட்டையாக்குகிற இடம் அது. சீவிய பஞ்சு நூலாகி ஊர் ஊராகப் போகிறது, அதில் கொஞ்சம் பக்கத்து ஊர்த் தறிகளில் பேண்டேஜ் துணியாகி யார் யாருடைய காயத்துக்கோ கப்பல் ஏறுகிறது. சீவும்போது பறக்கிற தூசி மட்டும் எங்கும் போவதில்லை. நிற்கிறவர் நெஞ்சில் இறங்கித் தங்கிவிடுகிறது. மில்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வார லீவு முடிந்து போகிற முதல் நாள்தான் மோசம் என்று. ஈரத்துணியை முறுக்கி நெஞ்சைச் சுற்றிக் கட்டியதுபோல் இறுகும். மறுநாள் கொஞ்சம் தளரும். அடுத்த லீவு வரை பழகிவிடும். ஷிப்ட் முடிந்ததும் ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் தின்றால் பஞ்சு வயிற்றோடு போய்விடும் என்பது அங்கே எல்லோரும் நம்புகிற வைத்தியம். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் வேறு வேறு குழாய் என்று ஒருமுறை சொன்னேன். “நீ ரொம்பப் படிச்சவ. தின்னுட்டுப் பேசு” என்று பழத்தை என் கையில் திணித்தாள்.

ஒரு வருடமாக அக்காவுக்கு அந்த இறுக்கம் பழகவில்லை. மாடிப்படியில் மூன்று இடத்தில் நிற்கிறாள். சபையில் பாட்டுக்கு எல்லோரும் எழும்போது தானும் எழுந்து, இரண்டாம் சரணத்தில் மெல்ல உட்கார்ந்துவிடுகிறாள். அதைப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் நானே மில்லுக்குப் போய் ஹெச்.ஆர். அதிகாரியைப் பார்த்தேன். அக்காவை பேக்கிங்குக்கு மாற்றுங்கள், அங்கே தூசி இல்லை என்றேன். அவர் தன்மையான மனிதர். “டாக்டர் பேப்பர் கொண்டு வாங்கம்மா, பாக்கலாம்” என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நுரையீரல் டாக்டரம்மா மில் தொழிலாளர்களின் மூச்சை அளந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சமயம். அங்கே பெயர் கொடுத்தேன். மூச்சு குறைவு என்று ஒரு தாள் வந்தால் அக்கா கார்டிங்கை விட்டு வெளியே வருவாள். வராவிட்டால் அங்கேயே நிற்பாள், முடிகிறவரை.

அக்காவுக்கு இது புரியாமல் இல்லை. மில்லில் சேர்ந்த நாளில் எடை பார்த்தார்கள், கண் பார்த்தார்கள், பாஸ் என்றார்கள், உள்ளே போனாள். கூட வந்த இரண்டு பேரை பெயில் என்றார்கள், வாசலோடு போனார்கள். மெடிக்கல் என்ற சொல்லுக்கு அவள் அகராதியில் அன்றிலிருந்து அந்த ஒரே அர்த்தம்தான். பாக்கலாம் என்று அதிகாரி சொன்னதை நான் நம்பினேன். மூச்சு சரியில்லாதவளை மில் வைத்துக்கொள்ளாது என்பதை அவள் நம்பினாள். யார் ஏமாளி என்பது எனக்கு இன்றும் முழுதாகத் தெரியாது.

டெஸ்ட் என்பது பெரிய காரியமில்லை. மூக்கில் ஒரு கிளிப், வாயில் ஒரு அட்டைக்குழல், மடிக்கணினியோடு ஒரு ஒயர். நிறைய இழுத்து ஒரே வீச்சில் ஊத வேண்டும். பக்கத்தில் நின்ற டெக்னீசியன் அம்மா தேர் இழுக்கிறவர்களைக் கூப்பிடுகிற குரலில், “ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும்” என்று கத்தினார். அக்கா கண் பிதுங்க ஊதினாள். மூன்று முறை. மூன்றாவது முறை முடிந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, இருமலுக்கு நடுவில் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

தாள் வந்தது. நார்மல்.

வெளியே வந்ததும் அரைக்கிலோ பால்கோவா வாங்கினாள். “செக்ஷன்ல குடுக்கணும்லா. நான் நல்லா இருக்கேன்னு தெரியணும் அவளுகளுக்கு.” என் ஸ்கூட்டியின் பின்னால் பால்கோவாவோடு உட்கார்ந்து, எதிர்க்காற்றில் இருமிக்கொண்டே ராஜபாளையம் வரை வந்தாள். பலூனால் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுதுகிற கவிதை எனக்குச் சோறு போடவில்லை. ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் வேலை போடுகிறது. இருபது வருடமாக மனிதர்களின் ரிப்போர்ட்டுகளை, முக்கியமாக அவற்றின் அடியில் இருக்கிற பொடி எழுத்துகளை, வாசித்து வாசித்துக் கண் பழகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அக்காவின் தாளை விரித்தேன். அவள் ஊதியது இவ்வளவு, அவள் வயதுக்கும் உயரத்துக்கும் ஊதியிருக்க வேண்டியது இவ்வளவு, நூற்றுக்கு எண்பத்து மூன்று. எண்பதுக்கு மேல் என்றால் நார்மல். சரிதான் என்று மடிக்கப்போனேன். அடியில், எறும்பு வரிசையாக, இன்னொரு வரி. இனம்: இந்தியர். அதற்குப் பக்கத்தில், அளவு திருத்தப்பட்டது.

யாருடைய அளவு? எதற்குத் திருத்தம்?

செல்போனில் தேட ஆரம்பித்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. ஒரு பாலிசி கூட்டத்துக்குப் போக வேண்டியதும் மறந்துபோயிற்று. இந்தக் கருவி வந்த புதிதிலேயே காப்பீட்டுக்காரர்கள் இதன்மேல் கண் வைத்திருக்கிறார்கள், யார் எத்தனை நாள் இருப்பான் என்று பார்க்க. என் தொழிலின் பாட்டன் வேலை. அந்தக் காலத்து அமெரிக்கத் தோட்டங்களில் ஒரு வைத்தியர், அடிமைகளின் நெஞ்சு பிறவியிலேயே சிறியது, உழைப்புத்தான் அதற்கு மருந்து என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த நினைப்பு ஆளை மாற்றி, சட்டையை மாற்றி, அட்டவணையாகி, கடைசியில் மென்பொருளுக்குள் ஒரு பட்டனாக உட்கார்ந்துவிட்டது. ஆசியர் என்றால் இவ்வளவு கழி, ஆப்பிரிக்கர் என்றால் இவ்வளவு கழி. கழித்த பிறகு மிஞ்சுகிற சின்ன நெஞ்சோடு ஒப்பிட்டு, நீ நலமாக இருக்கிறாய் என்று சொல். இப்போதுதான், இந்தச் சில வருடங்களில், வெளிநாட்டு நுரையீரல் ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து பேசி, இனம் கேட்காத ஒரு பொதுக்கணக்கு போதும் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கொரோனாவில் நாங்கள் விரலில் மாட்டிக்கொண்டு சாமியைப்போல் நம்பியிருந்த அந்தக் கிளிப்கூட, கறுத்த தோலில் சில சமயம் ஆக்சிஜனை இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று இப்போதுதான் உரக்கச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் யார் தோல் வெளுத்தது?

எங்கோ ஒரு மாநாட்டு மேசையில் பேசப்பட்டது, என் அக்காவின் நெஞ்சைப் பற்றி. அவளுக்குச் சொல்லி அனுப்ப மறந்துவிட்டார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு டாக்டரம்மா முன்னால் இருந்தேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். முதலில் அக்காவின் பலூனைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“ப்ராக்டிஸ் பண்ணினா பெரிசா எதுவும் ஏறாதுங்க. பாவம், அவங்களைத் திட்டாதீங்க. அவங்க ஊதினது நிஜமாவே அவங்க மூச்சுதான்.”

நேற்று முழுக்க அவளை மனசுக்குள் திட்டியதற்கு வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் கோபமாகத் திரும்ப அதிக நேரமாகவில்லை. தாளை மேசையில் வைத்து, பொடி வரியின்மேல் விரலை வைத்தேன்.

“இது என்ன டாக்டர்?”

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். அக்காவின் ஊதலை எடுத்தார். இனம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் விழுந்தது. இந்தியர் என்பதை எடுத்துவிட்டு வெள்ளையர் என்று போட்டார். எண்பத்து மூன்று எழுபத்து மூன்றாயிற்று. நார்மல் என்ற எழுத்து போய், குறைவு என்று சிவப்பில் வந்தது. இருபத்திரண்டு வருடம் பஞ்சு தின்ற என் அக்கா வெள்ளைக்காரியாகப் பிறந்திருந்தால் நோயாளி. இந்த ஊரில் பிறந்ததால் ஆரோக்கியம்.

“இப்ப புதுசா வந்திருக்கற பொதுக்கணக்கு இது ரெண்டுக்கும் நடுவுல,” என்று இன்னொரு பக்கத்தைத் திறந்தார். எழுபத்து ஏழு. அதுவும் சிவப்புத்தான்.

“அப்ப அதப் போட்டுக் குடுங்க.”

“போட்டுத் தரலாம். ஆனா ஒண்ணு யோசிங்க. இந்தத் திருத்தத்தை எல்லாருக்கும் எடுத்துட்டா, ஒரு தொந்தரவும் இல்லாம நடமாடறவங்க நிறையப் பேர் பேப்பர்ல நோயாளி ஆயிடுவாங்க. ஆள் எடுக்கும்போதே மில் அவங்களைக் கழிச்சுடும். உங்க அக்காவுக்கு நல்லது பண்ணப் போய் இன்னொருத்தி வேலையில மண்ணைப் போட்டா? எந்த எண் சரின்னு என்னாலயே சத்தியம் பண்ண முடியாதுங்க. எண்பதுங்கறதே ஒரு வசதிக்குப் போட்ட கோடு.”

நியாயமான பேச்சு. நியாயமான பேச்சைக் கேட்டால் எனக்குக் கால் நிற்காது. எழுந்தேன், ஜன்னல் வரை போனேன், திரும்பி வந்தேன்.

“இங்க நெஞ்சு சின்னதுன்னு எழுதுனாங்கல்லா, யார அளந்து எழுதுனாங்க டாக்டர்?”

“ஆரோக்கியமா இருக்கறவங்களை.”

“எங்க ஊர்ல ஆரோக்கியம்னா யாரு? சின்னப்பிள்ளையில பால் கண்டவளா? விறகடுப்புல ஊதாதவளா? பட்டாசு மருந்து வாசம் வராத தெருவுல இருந்தவளா? எங்க அக்கா எட்டு வயசுல இருந்து அடுப்பூதுனவ. அவள மாதிரி ஆயிரம் பேர அளந்து, அவளுக மூச்சு இம்புட்டுத்தான்னு கோடு கிழிச்சு, அந்தக் கோட்டுக்கு மேல இருக்கா, நல்லா இருக்கான்னு சொன்னா? நசுக்கி வச்சுட்டு, நீங்க பிறவியிலயே குட்டைன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு.”

டாக்டரம்மா பேனாவை மூடித் திறந்தார். “அளந்தவங்க புகை பிடிக்கறவங்களைக் கழிச்சிருப்பாங்க. அடுப்பைக் கேட்டிருப்பாங்களான்னு… தெரியலை.” பிறகு, “நானும் கேக்கலை” என்றார். அதைச் சொல்ல அவருக்கு அவசியமில்லை. சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

இரண்டு தாளையும் தந்தார். ஒன்று இந்தியர் என்ற கணக்கில், ஒன்று பொதுக்கணக்கில். கீழே தன் கையெழுத்தில், தூசி இல்லாத பிரிவுக்கு மாற்றுவது நல்லது என்று எழுதி முத்திரை வைத்தார்.

அவற்றை அக்காவிடம் கொடுத்தபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கை நின்றது.

“ஏட்டி, பாஸானவள பெயிலாக்கிட்டு வந்துட்டியா? பால்கோவா குடுத்துட்டேனேட்டி அம்புட்டுப் பேருக்கும்!”

“உனக்கு நெஞ்சு முக்கியமா, பால்கோவா முக்கியமா?”

“எனக்கு வேல முக்கியம். நீ ஸ்கூட்டில சுத்துதவ, உனக்கென்ன.”

சண்டை போட்டோம். அப்பா செத்தபோது போட்ட சண்டைவரை எல்லாம் வெளியே வந்தது. கடைசியில் அவளுக்கு மூச்சு வாங்கிற்று, நான்தான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, மாவுக்கையாலேயே இரண்டு தாளையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து வாசித்தாள்.

“ஊதுனது ஒரு ஊதுதானே?”

“ஒரே ஊதுதான்.”

“வெள்ளைக்காரிக்கின்னா இந்தத் தூசி ஆவாது. எனக்குன்னா ஆவும். அப்படித்தான?”

“அப்படித்தான் அந்தப் பட்டன் சொல்லுது.”

தாள்களைக் கீழே வைத்தாள். “நம்ம கார்டிங்ல நிக்கவளுக எல்லாருமே போன மாசம் அந்த டாக்டரம்மாட்ட ஊதுனாளுக, நாந்தான் பயந்துட்டுப் போகல. எல்லாத்துக்கும் நார்மல்தான். ஒருத்தி சிரிச்சா, நம்ம நெஞ்சு இரும்புன்னு.” மாவை உருட்டத் தொடங்கினாள். “திங்கக்கிழமை நானே கொண்டு போறேன். நீ கூட வா. வாயத் தொறக்கக் கூடாது.”

திங்கட்கிழமை போனோம். ஹெச்.ஆர். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஏம்மா, இது நார்மல்ங்குது, இது குறைவுங்குது. எதைம்மா நான் நம்ப?”

“ரெண்டும் எம் மூச்சுதான் சார்.”

“இந்தப் புதுக் கணக்குப்படி பாத்தா கார்டிங்ல நிக்கிற அம்புட்டுப் பேரும் நோயாளின்னுல்லா வரும்?”

“வந்தா வந்துட்டுப் போட்டும் சார். ஊதச் சொல்லிப் பாருங்க.”

அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். டாக்டரம்மாவின் முத்திரையை இன்னொருமுறை பார்த்தார். “சரிம்மா. சீனியர் நீங்க. ஒண்ணாந்தேதியில இருந்து பேக்கிங்குக்குப் போங்க.”

இவ்வளவுதான். இதற்காகத்தான் இத்தனையும். மேசைக்கு அடியில் அக்காவின் காலை மிதித்தேன், எழுந்திரு என்று. அவள் எழுந்திருக்கவில்லை.

“எம் மெஷின்ல யார நிப்பாட்டுவீய சார்?”

“அது எதுக்கும்மா உங்களுக்கு? ஹாஸ்டல்ல புதுசா பிள்ளைக வந்திருக்கு, வடக்க இருந்து. அதுல ஒண்ணு.”

“மெஷினுக்கு மேல தூசி உறிஞ்சுத குழாய் எட்டு மாசமா இழுக்கல சார். எழுதிப் போட்டு எழுதிப் போட்டுக் கையோஞ்சு போச்சு.”

“பாக்கலாம்மா.”

“பாத்துட்டுச் சொல்லுங்க. குழாய மாத்துங்க, அன்னைக்கே நான் பேக்கிங் போறேன். அதுவர அங்கயே நிக்கேன்.” குரல் உயரவில்லை. மூச்சு சிக்கிச் சிக்கித்தான் வந்தது. “எனக்காவது ரெண்டு தாள் இருக்கு, சண்டை போட ஒரு தங்கச்சி இருக்கா. அந்தப் பிள்ளைக்கு அந்த மூச்சு மெஷின்ல என்ன பட்டன் வச்சிருக்காவளோ.”

வெளியே வந்ததும் நான் கத்தினேன். கேட் வாசலில், செக்யூரிட்டி பார்க்க. உனக்குக் கிறுக்கு பிடித்துவிட்டதா, கையில் கிடைத்ததை விட்டுவிட்டு வருகிறாயே, உனக்காக நான் ஊர் ஊராக அலைந்தது இதற்கா என்று. கத்திக்கொண்டே இருக்கும்போது, நான் டாக்டரம்மாவிடம் பேசியதன் மீதிப் பாதியைத்தான் இவள் உள்ளே பேசிவிட்டு வந்திருக்கிறாள் என்பது உறைத்தது. கத்துவதை நிறுத்தவில்லை. எனக்கு முக்கியம் அவள் நெஞ்சு.

“முடிஞ்சுதா? ஷிப்டுக்கு நேரமாச்சு” என்று மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வார லீவில், அக்கா சொல்லி, கார்டிங்கிலிருந்து பதினாலு பெண்கள் ஒரு வேன் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். முந்தைய தாளையெல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா யாரையும் மறுபடி ஊதச் சொல்லவில்லை. கணினியில் இருந்த அதே மூச்சுகளை எடுத்து, ஆளுக்கு இரண்டு தாளாக அடித்துக் கொடுத்தார். சிலருக்கு இரண்டிலும் நார்மல்தான். ஒன்பது பேருக்கு இரண்டாவது தாள் சிவப்பு. இந்த முறை தன் கேள்வித்தாளில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்: எந்த வயதிலிருந்து, எந்த அடுப்பு? பதினாலு பேரும் பதில் சொல்லி முடிக்க மத்தியானமாகிவிட்டதாம். ஒருத்தி, “இதக் கேக்கதுக்கு இம்புட்டு நாளாச்சா?” என்று கேட்டாளாம். அந்த இருபத்தெட்டுத் தாளும் மறுநாளே மில் ஆபீஸுக்குப் போயின.

அக்கா ஹெச்.ஆர். அறையை விட்டு வந்து இன்றைக்குப் பத்தொன்பது நாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, சாப்பாட்டு இடைவேளையில் போன் வந்தது. பின்னால் மெஷின் சத்தம் இல்லை.

“என்னக்கா? என்னாச்சு?”

“மெஷின நிப்பாட்டிருக்காவட்டி. ஏணி போட்டிருக்கு. ஃபிட்டர் ஏறுதான்.”

“குழாயக் கழட்டுதானா?”

“கழட்டுதான். யம்மா, உள்ள மெத்தை கணக்கா அடைச்சிருக்கு. எல்லாவளும் நின்னு பாக்காளுக.”

“நீ வெளிய வா முதல்ல. தூசி அம்புட்டும் கொட்டும்.”

“வாரேன் வாரேன்.”

“அக்கா, மாஸ்க் போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன். செத்த நேரம் இரி, முழுசா இறக்கட்டும். பாத்துட்டு வாரேன். போன வை நீ.”